முள்ளுக்குறிச்சி ரோட்டில் ஒரு கல் நகர்ந்த கதை

போன வாரம் பஸ்ஸுக்குள் பலாப்பழம் உருண்ட கதையைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்தார். "பழம் உருண்டதெல்லாஞ் செரிங்க. ரோட்டுல கல்லு நகந்த கதைய எப்ப எழுதப் போறீங்க?" என்றார். பெயர் சொல்லவில்லை. குரலே போதும். எங்கள் டிரைவர் முருகேசன்தான். ரிட்டையர் ஆகியும் மனிதருக்குக் குசும்பு போகவில்லை. அவரே கேட்டபிறகு எழுதாமல் இருந்தால் வீட்டுக்கே வந்துவிடுவார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கண்டக்டர். பெயர் அந்தோணி. திருச்சிப் பக்கத்துச் சமவெளி ஆள். கொல்லிமலை ரூட்டில் போடுகிறோம் என்றதும் டெப்போவில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். எதற்கு என்று முதல் வளைவில்தான் புரிந்தது.

சங்கிலியில் தொங்கிய கல்

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. மலைமேல் இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து (அங்கே ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பெயர்) காலை முதல் சர்வீஸ் முள்ளுக்குறிச்சி ரோட்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் ஈரச் சாக்கு வாசனை, மரவள்ளிக் கிழங்கில் ஒட்டியிருந்த மண் வாசனை, யாரோ மடியில் முடிந்து வைத்திருந்த மிளகு வாசனை. ஈச்சங்காட்டு வளைவில் முருகேசன் பிரேக்கை மிதித்தார். ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு ஜேசிபி நின்றது. அதன் கையில் சங்கிலி. சங்கிலியில், அந்த ரோட்டைத் திறந்தபோது நட்ட எங்கள் நினைவுக்கல்.

ஆளுயரக் கல் அது. அடியிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அத்தனை வருடம் விறைப்பாக நின்ற கல், காதைப் பிடித்துத் தூக்கிய முயல் மாதிரி ஆடியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏய், எல்லாரும் ஒரு பக்கம் சாயாதீங்கப்பா, கீழ பள்ளம் இருக்கு" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது?

அந்த வளைவில்தான் தினமும் செல்வி ஏறுவாள். ஈச்சங்காட்டுப் பெண். ராசிபுரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிற்றூரிலிருந்து மலையை விட்டுக் கீழே போய்ப் படித்த முதல் பெண் அவள்தான். அவளுடைய அம்மா பெரியக்கா தினமும் கூடவே வந்து, மகளை ஏற்றிவிட்டு, பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சாமைக் காடு, ஆடு, மகள் படிப்பு எல்லாம் இவள் தலையில்தான்.

அன்றைக்குப் பெரியக்கா பையைக் கொடுக்கவில்லை. தொங்குகிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க கண்டக்டரு, கல்லு போவுதே, இனி பஸ்ஸு எங்க நிக்குமுங்க?"

"ஏம்மா, பஸ்ஸு கல்லுக்கா நிக்குது? ஆளுக்குத்தானே நிக்குது!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

என்ன ஒரு அறிவாளி பாருங்கள் நான். அத்தனை வருஷம் சர்வீஸ் போட்டும் எங்கள் டெப்போவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அதற்கடுத்த வாரம்தான் தெரிந்தது.

பிரமுகரின் வயிறு

அந்தக் கல் அங்கே வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

முள்ளுக்குறிச்சியிலிருந்து மேலே குண்டூர் நாட்டுக்குத் தார் ரோடு போட்டு முடித்ததும் திறந்து வைக்க ஒரு பிரமுகர் வந்தாராம். பதவியைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் பிரமுகர் என்றே வைத்துக்கொள்வோம். கல்லை மலை உச்சியில் நடுவதாகத்தான் ஏற்பாடு. மேலே பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாட்டுக் கவுண்டர்கள் எல்லாம் வேட்டியில் கஞ்சி மொடமொடக்கக் காத்திருந்தார்கள். பிரமுகரோ அடிவாரத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டில் காலையிலேயே ஆட்டுக்கறியும் இட்லியுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கிறார்.

அந்த ரோட்டு வளைவுகள் ஆட்டுக்கறிக்கு ஆகாது. எனக்கு நன்றாகத் தெரியும். வாந்திக்கென்றே பஸ்ஸில் நான் மணல் வாளி வைத்திருந்தேன்.

ஈச்சங்காட்டு வளைவு வந்தபோது பிரமுகர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது. வாயைக் கொப்புளித்துவிட்டு, "இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்யா" என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் பார்த்தார்கள். உச்சியில் இருந்த ரிப்பனை எடுத்துவரச் சொல்லி, பின்னால் வந்த லாரியிலிருந்து கல்லை இறக்கி, அங்கேயே குழி தோண்டி நட்டு, அங்கேயே வெட்டச் சொல்லிவிட்டார்கள். மேலே கஞ்சி வேட்டிக்காரர்கள் சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டுப் பந்தலைத் தாங்களே பிரித்தார்களாம்.

கல்லில் பிரமுகர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கான்ட்ராக்டர் பெயர் அதைவிடக் கொஞ்சமே சின்னது. பாறையை உடைத்து ரோடு போட்ட மலைக்காரர்களில் ஒருவர் பெயரையும் காணோம். மலைக்காரர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "பெருசு கக்குன கல்லு" என்று ஒரு பெயர் வைத்து அவர்கள் கணக்கை நேர் செய்துகொண்டார்கள்.

ஆனால் ஒரு நல்லது நடந்தது. ஈச்சங்காட்டிலிருந்து ஏறிவருகிற ஒற்றையடிப் பாதை சரியாக அந்த வளைவில்தான் ரோட்டைத் தொடும். பிற்பாடு பஸ் விட்டபோது, ரூட் பார்க்க வந்த அதிகாரி கல்லைப் பார்த்தார். பஸ் நிற்கிற இடங்களை எழுதுகிற ஸ்டேஜ் லிஸ்டில் 'நினைவுக்கல்' என்று எழுதிக்கொண்டு போனார். அதிலிருந்து பஸ் அங்கே நின்றது. இருக்கிற வீடுகளைப் பார்த்து யாரும் அங்கே பஸ் நிறுத்தவில்லை. ஒரு மனிதருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஓர் ஊருக்கு பஸ் கிடைத்தது.

கல்லுக்குச் செய்த மரியாதை

பிறகு அந்தக் கல் பட்ட பாடு இருக்கிறதே! ஆட்சி மாறினால் அதற்கு நிறம் மாறும். ஒருமுறை சுற்றி டைல்ஸ் ஒட்டினார்கள். அடுத்த வருஷம் வந்தவர்கள் டைல்ஸை உடைத்துவிட்டுக் கம்பி வேலி போட்டார்கள். கம்பியை யாரோ ஆட்டுப்பட்டிக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் வேலைக்கு வந்தபோது பிரமுகர் பெயருக்கு மேல் கிழங்கு லாரி வாடகைக்கு என்று ஒரு போன் நம்பர் இருந்தது. கான்ட்ராக்டர் பெயருக்கு மேல் மூல வியாதிக்கு மருந்து. ஆடி பதினெட்டுக் கூட்டத்தில் மலையேறி வருகிற பையன்கள் கல்லைக் கட்டிப்பிடித்து செல்பி எடுப்பார்கள். ஒருத்தனாவது என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருந்தால் என் பையைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

அப்படிக் கிடந்த கல்லுக்குத் திடீரென்று யோகம் அடித்தது. ரோட்டை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டார்கள். திறந்து வைக்கப் புதிய பிரமுகர் வருகிறார் என்றார்கள். இரண்டு வளைவு மேலே பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் வியூ பாயின்ட் கட்டினார்கள். சிமெண்டில் ஒரு கரடி, சிமெண்டில் ஒரு காளான் குடை. புதுக்கல்லையும் பழைய கல்லையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி 'நினைவுப் பூங்கா' என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். நான் சிரித்த அன்றைக்கு ஜேசிபி வந்தது அதற்குத்தான்.

கல் ஏறியது, பஸ்ஸும் ஏறியது

முதல் சில நாள் முருகேசன் பழைய இடத்திலேயே நிறுத்தினார். செல்வி ஏறினாள், இறங்கினாள். ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். வளைவில் வண்டி நின்றதும், "இது என்ன ஸ்டேஜ்?" என்றார்.

"நினைவுக்கல்லுங்க" என்றார் முருகேசன்.

"கல்லைக் காணோமே?"

"அது மேல போயிருச்சுங்க."

"அப்ப ஸ்டேஜும் மேலதான்யா இருக்கு. வளைவுல ஸ்டேஜ் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தலாமா? பின்னால லாரி வந்து அடிச்சா யாரு பொறுப்பு?"

முருகேசனுக்கு மெமோ வந்தது. இன்னொரு தடவை நிறுத்தினால் சஸ்பெண்ட் என்று அடியில் ஒரு வரி. பிள்ளைக்குட்டிக்காரர், என்ன செய்வார்? அன்றிலிருந்து வண்டி வியூ பாயின்ட்டில் நின்றது.

காலையில் பிரச்சினை இல்லை, வெளிச்சத்தில் ஏறிப்போய் நின்றுவிடலாம். சாயங்காலம்தான் வினை. கடைசி சர்வீஸ் மேலே போய்ச் சேரும்போது பொழுது மறைந்துவிடும். வியூ பாயின்ட்டில் காளான் குடையின் கீழே வெளியூர்க்காரர்கள் பாட்டிலும் மிக்சருமாக உட்கார்ந்திருப்பார்கள். சிமெண்டுக் கரடி அங்கே நிற்கிறது, நிஜக் கரடி பக்கத்துப் புதரில் சுற்றுகிறது. இரண்டு வளைவுக்கும் நடுவில் ஒரு விளக்கு கிடையாது. அந்த இருட்டில் ஒரு பெண் தனியாக இறங்கி நடக்க வேண்டும். அவளை அங்கே இறக்கிவிட்டு டிக்கெட் கணக்கு எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத்தே கண்ணில் படாது.

செல்வியின் தாய்மாமன் சடையன் தினமும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப் போக ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் இங்கே வருகிற நேரத்தில் அங்கே அவருடைய சாமைக் காட்டில் பன்றி புகுந்துவிடும். ஒருநாள் பஸ் படியில் காலை வைத்துக்கொண்டு என்னிடமே நியாயம் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. தெனமும் நானு இங்க வந்து நின்னா, காட்டைப் பன்னிக்கு எழுதிக் குடுத்தரலாமுங்களா? பையன் பாத்தாச்சு. தை பொறந்தா முகூர்த்தம். படிச்ச வரைக்கும் போதுமுங்க."

செல்வி பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். பஸ் நின்றால் படிப்பு, நிற்காவிட்டால் கல்யாணம். விஷயம் அவ்வளவுதான்.

இரண்டு ஆபீஸ்

என் ஓய்வு நாளில் பெரியக்காவையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போனேன். எங்கள் பிராஞ்ச் மேனேஜர் கோபமே வராத மனிதர். எப்போதும் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டே பேசுவார். அதுதான் எனக்கு எரிச்சல்.

"அந்தோணி, ஸ்டேஜ் பேரு என்ன?"

"நினைவுக்கல் சார்."

"கல்லு எங்க இருக்கு?"

"வியூ பாயின்ட்ல சார்."

"அப்ப பஸ் எங்க நிக்கணும்?"

சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிற பொறுமை. எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், கல்லு டிக்கெட் எடுக்காது சார்" என்றேன். அவர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார்.

செல்விதான் பேசினாள். "சார், எங்கூர்ப் பேர்லயே ஒரு ஸ்டேஜ் வச்சுக்கலாமுங்களா?"

"தாராளமா வைக்கலாம்மா. ஆனா வளைவு பாரு, நிரந்தரமா ஒரு அடையாளம் இருக்கணும். ரோடு ஆபீஸ்ல சொல்லி ஒரு கல்லு நடச் சொல்லு. மறுநாளே நிறுத்தறேன்."

ரோடு ஆபீஸுக்குப் போனோம். பொறியாளர் விழா அழைப்பிதழைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பதில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கல் என்றதும் நிமிர்ந்தார்.

"நெனச்ச எடத்துல எல்லாம் கல்லு நட முடியாதும்மா. திறப்பு விழா நடந்தாத்தான் கல்லு."

"அப்பச் செரி, ஒரு தெறப்பு விழா நடத்திப் போடுங்க சாமி" என்றாள் பெரியக்கா.

"பிரமுகர் வரணுமே?"

"அதான் வார திங்கக்கெழமை வாராங்கன்னு செவுத்துல எல்லாம் ஒட்டியிருக்குதுங்களே?"

"அவர் வியூ பாயின்ட்டுக்கும்மா வராரு. உங்க வளைவுல அவர் ஏன் நிக்கப் போறாரு?" என்று சிரித்துவிட்டு மறுபடி அழைப்பிதழுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

முள்ளுக்குறிச்சி டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். டீ வந்தது. பெரியக்கா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க கண்டக்டரு, இந்தப் பெரிய மனுசங்கெல்லாம் எதைப் பாத்தா வண்டிய நிறுத்துவாங்க?" என்று கேட்டாள்.

நான் இருந்த கடுப்பில், "ரிப்பனப் பாத்தா நிறுத்துவாங்க. கத்தரிக்கோலக் காட்டுனா எறங்கி வருவாங்க. வேற எதுக்கும் நிறுத்த மாட்டாங்க. பேசாம டீயக் குடிம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் குடித்தாள். கிளாசை வைத்தாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "ரிப்பன் என்ன கலருங்க?" என்றாள்.

"செவப்பு!" என்று கத்தினேன். டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

பூ கேட்டது

நடுவில் நடந்ததை எல்லாம் செல்வி பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குச் சொன்னாள்.

ஈச்சங்காட்டில் ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். பெரியக்கா தன் யோசனையைச் சொன்னதும் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் பயந்தார்கள். போலீஸ் வரும், கேஸ் போடுவார்கள் என்றார்கள். சடையன்தான் முடிவாகச் சொன்னார். "ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தா நானே முன்னால நின்னு கல்லைத் தூக்கறேன். செவப்பு வந்தா கல்யாணத்தைப் பேசி முடிச்சர்றேன். அப்பறம் ஒரு பேச்சும் ஆவாது."

அங்கே எந்தப் பெரிய காரியத்துக்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், மாரியாயி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது ஆத்தா வாக்கு. எதிர்ப்பேச்சு கிடையாது.

வெள்ளை வந்தது.

"நல்ல வேளை" என்று நான் பெருமூச்சு விட்டேன். அன்றைக்கு மகளோடு பஸ்ஸில் வந்திருந்த பெரியக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளைதானுங்க. பொட்டலம் கட்டுனது நானு. எங்க ஆத்தாளுக்குச் செவப்பு அவ்வளவாப் புடிக்காதுங்க."

நான் மாதா கோயில் ஆள். எனக்கே திக்கென்றது. அவளுக்குப் பயமே இல்லை. "பொம்பளப் புள்ள படிப்புக்குச் செஞ்சா ஆத்தா கோவிச்சுக்குவாளா? அவளும் பொம்பளதானுங்க" என்றாள்.

கல்லுக்கு எங்கே போவது? பெரியக்கா வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அவள் மாமியார் காலத்துக் கல். நல்ல நீளம், நல்ல கனம். துவைத்துத் துவைத்து ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. சடையன் முன்னால் பிடிக்க, ஆண்கள் கயிறும் கம்பும் போட்டுக் காவடி மாதிரி தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏற்றினார்கள். பழைய குழியிலேயே நட்டார்கள். கதவுக்கு அடித்து மீந்திருந்த மஞ்சள் பெயிண்டை அடித்தார்கள். எழுத்து செல்வியுடையது. மேலே 'ஈச்சங்காடு பேருந்து நிறுத்தம்'. கீழே 'திறந்து வைத்தவர்' என்று போட்டு, சுவரொட்டியைப் பார்த்துப் பிரமுகரின் பட்டங்கள் ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் அவர் பெயர், ஊர்ப் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

"அவங்க பேரு பெருசா இருந்தா யாரும் புடுங்க மாட்டாங்க சார்" என்றாள் செல்வி. நர்சிங்கில் இதெல்லாமா சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கத்தரிக்கோல்

திங்கள்கிழமை நாங்கள் கீழே இறங்கும்போது வளைவுக்குச் சற்று மேலே போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டினார். பிரமுகரின் கார் வரிசை கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. முருகேசன் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸிலிருந்தே எல்லாம் தெரிந்தது. பால்கனி டிக்கெட் கிடைத்த மாதிரி.

வளைவில் இரண்டு வாழை மரம். மாவிலைத் தோரணம். வெள்ளை வேட்டி போர்த்திய கல். குறுக்கே சிவப்பு ரிப்பன். உற்றுப் பார்த்தேன், ரிப்பனில் நடு நடுவே முடிச்சு. செல்வி பள்ளிக்கூடத்தில் சடைக்குக் கட்டிய ரிப்பன்களை ஒன்றோடு ஒன்று முடிந்திருந்தார்கள். ஊரே குளித்து முழுகி நின்றது. மேளக்காரர்கள் தயார். பெரியக்கா கையில் தாம்பாளம், அதில் டெய்லர் கத்தரிக்கோல்.

முன்னால் வந்த போலீஸ் வண்டி ரிப்பனைப் பார்த்ததும் தயங்கி நின்றது. பின்னால் கார்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேளம் வெளுத்து வாங்கியது.

எங்கள் பொறியாளர் ஒரு காரிலிருந்து குதித்து ஓடி வந்தார். "இது ப்ரோக்ராம்லயே இல்ல! யாருய்யா இது? எடுங்கய்யா!" என்று ரிப்பனை இரண்டு கையாலும் பற்றி அவிழ்க்கப் போனார். அதற்குள் பெரிய காரின் கண்ணாடி இறங்கியது.

"என்னய்யா அங்க?"

பதில் தேவைப்படவில்லை. பிரமுகர் ரிப்பனைப் பார்த்துவிட்டார். கதவு திறந்தது. வேட்டியைச் சரி செய்துகொண்டு அவர் நடந்து வந்தபோதே வலது கை கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. பெரியக்கா தாம்பாளத்தை நீட்டினாள். சர்ரென்று வெட்டினார். பொறியாளர் இரண்டு கையாலும் பிடித்திருந்த ரிப்பனில் ஒரு துண்டு அவர் கையிலேயே நின்றுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கை தட்டினார்.

பிரமுகர் கல்மேல் போர்த்தியிருந்த வேட்டியை விலக்கிப் பார்த்தார். பட்டங்களைப் படித்தார். தன் பெயரைப் படித்தார். முகம் மலர்ந்தது. கல்லைத் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்கே, பழைய கல்லா?" என்றார்.

"எங்க மாமியா காலத்துக் கல்லுங்க சாமி" என்றாள் பெரியக்கா. பொய் இல்லையே!

"பாரம்பரியம்!" என்றார் பிரமுகர். மைக் இல்லாமலே பாரம்பரியத்தைப் பற்றி ஒரு பேச்சு பேசினார். முருகேசன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

பேசி முடித்துவிட்டு, "இங்க பஸ் நிக்குதாம்மா?" என்று கேட்டார்.

பெரியக்கா எங்கள் வண்டியைக் கை காட்டினாள். "பஸ்ஸு அந்தா நிக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இங்க நிக்குமுங்க."

பிரமுகர் திரும்பினார். கூட்டத்தில் எங்கள் பிராஞ்ச் மேனேஜர் நின்றிருந்தார். பிளாஸ்க் இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னங்க, நிக்குமில்ல?"

"ஏற்கெனவே ஏற்பாடு பண்ணிட்டோம் சார்" என்றார் மேனேஜர்.

அடப்பாவி மனுஷா! அந்த நிமிஷம் பஸ்ஸிலிருந்து குதித்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாமா, கழுத்தைப் பிடிக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. வியூ பாயின்ட் கல்லுக்கு ஒரு மூலை. துவைக்கிற கல்லுக்குத்தான் பெரிய படம். படத்தில் பொறியாளர் ரிப்பன் துண்டைப் பிடித்தபடி எல்லோரையும்விட அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால சர்வீஸ்

பேப்பரில் படம் வந்த அன்று சாயங்காலமே ஸ்டேஜ் லிஸ்டில் 'ஈச்சங்காடு' என்று ஏறிவிட்டது. பெரிய மனிதர் பெயர் போட்ட கல் நிற்கிறது, படமும் வந்துவிட்டது, யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் சடையன் என்னைப் பார்க்கவென்றே வளைவில் காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம். "படிப்பு முடியட்டுமுங்க, அப்பறம் பாத்துக்கலாம். எனக்கென்ன, பஸ்ஸுதான் ஊட்டு வாசல்லயே நிக்குதே" என்றார். பூ விஷயம் அவருக்குத் தெரியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்றைய கடைசி சர்வீஸ். பொழுது மறைந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வளைவில் வண்டி நின்றது. செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவளை அழைத்துப்போக யாரும் வந்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சம் எதுவும் இல்லை. எனக்குச் சட்டென்று மனசுக்குள் பயம் வந்தது. படியில் நின்றபடி, "ஏம்மா, தனியாப் போயிருவியா?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளத்தைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டு, "அம்மோவ்!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

முருகேசன் கியரைத் தொடவில்லை.

"வா கண்ணு! களி ஆறுது!" என்று கீழேயிருந்து பெரியக்காவின் குரல் வந்தது.

செல்வி பாதையில் இறங்கி ஓடினாள். நான் விசில் கொடுத்தேன்.